பத்தொன்பதுன்னு எழுதிக்கோங்க

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப் பதிவு நடக்கும் மேசையில் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பெண் வாய் திறக்கமாட்டாள். பின்னால் நிற்கும் அம்மாவோ மாமியாரோ முந்திக்கொள்வார்கள். "வயசு என்னம்மா?" "பத்தொன்பது சிஸ்டர், பத்தொன்பதுன்னு எழுதிக்கோங்க." ஆதார் எங்கே என்றால் வீட்டில் இருக்கும், பீரோ சாவி தொலைந்திருக்கும், இல்லையென்றால் அட்டை ஊரிலேயே தங்கிப்போயிருக்கும்.

பதினெட்டு என்று யாரும் சொல்வதில்லை. அதற்குக் காரணம் உண்டு. 18 வயது 3 மாதம் ஆன பெண்ணுக்கு இன்றைக்கு 7 மாதம் என்றால், கரு உண்டானபோது அவளுக்கு 18 நிறைந்திருக்கவில்லை. கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியிலிருந்து எண்ணினால் எந்த நர்ஸுக்கும் அரை நிமிடத்தில் இது விளங்கிவிடும். விளங்கிவிட்டால், 18 வயதுக்குட்பட்டோரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் போயாக வேண்டும். 19 என்று சொல்லிவிட்டால் அந்தக் கணக்குக்கே வேலையில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் பெறுவதற்கும் தாய்க்கு 19 ஆகியிருக்க வேண்டும். வழக்குக் கதவைச் சாத்தவும் உதவிக் கதவைத் திறக்கவும் அதே எண்தான். பெண் குழந்தைகளின் திருமண வயதை உயர்த்தச் சொல்லி வாதாடியவரின் பெயரில் உள்ள திட்டம் என்பதை நினைத்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

பொய் சொன்ன குடும்பத்தைத் திட்டுவது சுலபம். ஆனால் அந்தப் பொய் மேசைக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் 20 வாரம் கடந்திருக்கும். அதுவரை கழிந்துபோன வாரங்கள்தான் தாயையும் பிள்ளையையும் அதிகம் படுத்துகின்றன. பதிவேட்டில் 19 என்று விழுந்தபின் அந்தப் பெண் சாதாரண கர்ப்பிணிகளின் வரிசையில் போய் நின்றுவிடுவாள். 15, 16 வயது என்று தெரிந்திருந்தால் அதிக ஆபத்துள்ள கர்ப்பம் என்று தனியாகக் குறித்து, தாலுகா மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்பியிருப்பார்கள். அந்தக் குறிப்பும் விடுபட்டுப்போகிறது.

தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் 6.3 விழுக்காட்டினர் தாயாகியிருந்தார்கள் அல்லது கர்ப்பமாக இருந்தார்கள். இந்திய அளவில் அது 6.8. தாய் இறப்பைக் குறைத்துக் காட்டியதில் முன்னால் நிற்கும் மாநிலம் இந்த ஒரு விஷயத்தில் நாட்டின் சராசரியை ஒட்டியே நிற்கிறது. 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18-க்கு முன்பே திருமணமானவர்கள் தமிழ்நாட்டில் 12.8 விழுக்காடு, இந்தியாவில் 23.3. குழந்தைத் திருமணம் பாதியாக இருந்தும் பதின்ம வயதுக் கர்ப்பம் பாதியாக இல்லை. 18, 19 வயதில் சட்டப்படி திருமணமாகி உடனே கருவுற்றவர்களும் இந்த 6.3-க்குள் அடக்கம் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அந்த வேறுபாடு உடலளவிலும் முக்கியம். 18, 19 வயதுப் பெண் நல்ல சாப்பாட்டோடு, மூன்று மாதத்துக்குள் பதிவு செய்து, ஒழுங்காகப் பரிசோதனைக்கு வந்தால் 22 வயதுக்காரிக்கு ஏறக்குறைய நிகராகவே பெற்றெடுப்பாள். 16-க்குக் கீழே கதை வேறு. வயதுக்கு வந்து ஓரிரு ஆண்டுகளே ஆன உடல் அது. உயரம் நின்றுவிட்டது போலத் தெரிந்தாலும் இடுப்பெலும்பு இன்னும் விரிந்துகொண்டிருக்கும். தன் எலும்புக்கும் இரத்தத்துக்கும் சேர்க்க வேண்டிய சத்தை வயிற்றுப் பிள்ளையோடு அவள் பங்குபோட வேண்டியிருக்கிறது. "எங்க பாட்டி பதிமூணு வயசுல பெத்தாங்க, பன்னெண்டு பெத்தாங்க" என்பவர்கள், அந்தப் பன்னிரண்டில் எத்தனை தங்கின என்ற கணக்கையும் சேர்த்துச் சொன்னால் நன்றாயிருக்கும்.

வாரங்கள் எப்படிக் கழிகின்றன என்று பார்ப்போம். வயதுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் மாதவிலக்கு ஒழுங்காக வராது. 45 நாள், 60 நாள் தள்ளிப்போவது சகஜம். அதனால் நாள் தள்ளியதை அந்தப் பெண்ணே கணக்கில் எடுத்துக்கொள்ளமாட்டாள். வாந்தி வந்தால் பித்தம், அசதி என்றால் பரீட்சை. 10, 12 வாரத்தில் சந்தேகம் வந்தாலும் யாரிடம் சொல்வது என்பதில் இன்னும் நாலு வாரம் போகும். பையனிடம்தான் முதலில் சொல்வாள், அவன் மருந்துக் கடைக்குப் போவான்.

அந்த மாத்திரையால்தான் பல விபரீதங்கள். கருக்கலைப்பு மாத்திரைத் தொகுப்பு இந்தியாவில் 9 வாரம் வரைக்கும்தான், அதுவும் மருத்துவர் பார்த்துத் தருவதற்குத்தான். ஸ்கேன் எடுக்காமல் விழுங்கும்போது இரண்டு விஷயம் தெரியாமல் போகிறது. கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா, எத்தனை வாரம் ஆகிறது என்பவை அவை. கருக்குழாயில் தங்கிய கருவை இந்த மாத்திரை கலைக்காது. கொஞ்சம் இரத்தம் பட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்திருக்கும்போது குழாய் வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கொட்டும். அடிவயிற்றில் ஒரு பக்கம் சுருக்கென்ற வலி, தோள்பட்டை வலி, மயக்கம் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. 9 வாரம் என்று நினைத்து 15 வாரத்தில் விழுங்கினால் பாதி வெளியேறி மீதி தங்கும், பெரும் இரத்தப்போக்கு வரும், சீழ் பிடிக்கும். கனமான நாப்கின் இரண்டு, ஒரு மணி நேரத்துக்குள் முழுக்க நனைந்து, அடுத்த மணி நேரமும் அதுவே தொடர்ந்தால் 108-ஐக் கூப்பிட வேண்டும். காய்ச்சலும் கெட்ட வாடையும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இரகசியக் கலைப்பில் யாரும் யோசிக்காத இன்னொன்று இரத்த வகை. பெண்ணுக்கு நெகட்டிவ், கருவுக்கு பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். மருந்துக் கடைக்காரர் இரத்த வகையைக் கேட்கமாட்டார். விட்டுவிட்டால் இந்தத் தடவை ஒன்றும் தெரியாது. ஐந்து வருடம் கழித்து முறைப்படி கல்யாணமாகி அவள் சுமக்கும் பிள்ளைக்கு வயிற்றிலேயே இரத்தம் சிதையக்கூடும். அப்போது மருத்துவர் "இதுக்கு முன்னாடி கரு எதுவும் கலைஞ்சிருக்கா?" என்று கேட்பார். பக்கத்தில் கணவன் உட்கார்ந்திருப்பான்.

சட்டப்படியான வழி இதைவிடக் கடினம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கருக்கலைப்புச் சட்டத் திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். 18 வயதுக்குட்பட்டவர், பாலியல் வன்முறைக்கு ஆளானவர் போன்றோருக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு செய்யலாம். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, மருத்துவக் குழு பார்த்து அறிக்கை கொடுத்து, ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 18-க்குக் கீழே என்றால் பாதுகாவலரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். அப்பாதான் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சிறுமியைத் தன் பொறுப்பில் வைத்துப் பார்த்துக்கொள்பவர் என்றுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். பாட்டி வளர்க்கும் பிள்ளைக்குப் பாட்டி போடலாம்.

போலீஸ் பயத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது, அது வெளியே அதிகம் பேசப்படவில்லை என்பதே என் வருத்தம். போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, விஷயம் தெரிந்த எவரும் தகவல் தர வேண்டும் என்கிறது. தராவிட்டால் 21-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. நிறுவனத் தலைவர் என்றால் ஓராண்டு வரை. அதனால்தான் தனியார் மருத்துவர்கள் பலர் சிறுமி என்று தெரிந்ததும் "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்று கைகழுவுகிறார்கள். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் இதில் ஒரு வழியைத் திறந்துவிட்டது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் குறிப்பிட வேண்டியதில்லை. தகவல் தரும் கடமை அப்படியே இருக்கும், பெயர் மட்டும் வெளியே போகாது. 10 வாரத்தில் தயங்கி நிற்கும் வீட்டுக்கு இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் மருந்துக் கடை வாசலுக்குப் போகமாட்டார்கள்.

அவசர சிகிச்சைக்கு எந்தக் காகிதமும் முன்நிபந்தனை இல்லை என்று 2020 போக்சோ விதிகள் சொல்கின்றன. இரத்தப்போக்கோடு வந்த சிறுமியிடம் "எஃப்.ஐ.ஆர். போட்டுட்டு வாங்க" என்று சொல்ல எந்த மருத்துவமனைக்கும் உரிமையில்லை.

கர்ப்பம் தொடர்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது இரத்தம். 15–19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினர் இரத்தசோகையோடு இருப்பதாக அதே ஆய்வு இந்திய அளவில் சொல்கிறது. கர்ப்பத்துக்கு முன்பே கஜானா காலி. பள்ளியில் வாரம் ஒருநாள் கொடுக்கும் நீல மாத்திரையைப் பாதிப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே போடுகிறார்கள் என்பது ஆசிரியர்களுக்கே தெரியும்.

கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் இரத்தசோகை. 7 முதல் 9.9 வரை நடுத்தரம், 7-க்குக் கீழே கடுமை. சாதாரணமாக நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். 180 நாள் சாப்பிட வேண்டும். இரத்தசோகை இருந்தால் தினம் இரண்டு. ஒரு மாதத்தில் ஒரு புள்ளியாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரை வயிற்றுக்குப் போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு, அது இயல்புதான். குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டு படுத்துவிடலாம். டீயோடும் காபியோடும் போட்டால் இரும்பு உடம்பில் சேராது. கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒரே வாயில் போடக் கூடாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியத்தைப் பகல் சாப்பாட்டோடும் இரும்பை ராத்திரியும் வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. நெல்லிக்காயோ எலுமிச்சையோ கூட இருந்தால் நல்லது. நாலாம் மாதத்துக்குப் பிறகு ஒருமுறை பூச்சி மாத்திரையும் தருவார்கள்.

இப்போது வாரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 14 வாரத்தில் 8 புள்ளியோடு வந்தவளுக்கு ஆறு மாதம் கையில் இருக்கிறது, மாத்திரையே போதும். 28 வாரத்தில் அதே 8 என்றால் நரம்பு வழியாக இரும்பு ஏற்ற வேண்டும். 36 வாரத்தில் 6.5 என்றால் உள்நோயாளியாகச் சேர்த்து, இரத்தம் ஏற்றுவது வரை போக நேரிடும். சுகப்பிரசவத்தில் அரை லிட்டர் வரை இரத்தம் போவதை நல்ல உடம்பு தாங்கும். 7 புள்ளியில் இருக்கும் 16 வயது உடம்பு அதையே தாங்காது. பிரசவம் பார்த்தவர் மேல் ஒரு தவறும் இல்லாமலே ஆபத்து வந்துவிடும்.

அடுத்தது பிரஷர். தலைச்சன் கர்ப்பத்தில் இரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு எந்த வயதிலும் கூடுதல். 10 முதல் 19 வயதுத் தாய்மார்களுக்கு வலிப்பு, பிரசவத்துக்குப் பின் கருப்பைத் தொற்று, உடல் முழுவதும் பரவும் தொற்று ஆகியவை 20–24 வயதுக்காரர்களைவிட அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 20 வாரத்துக்குப் பிறகு 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் இறங்கினால் அது கர்ப்பகால முன்வலிப்பு நிலை. சிறு பெண்களிடம் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 16 வயதுப் பெண்ணின் வழக்கமான அழுத்தமே 100/60 என்ற அளவில் இருக்கலாம். 10 வாரத்தில் அதை எழுதி வைத்திருந்தால், 30 வாரத்தில் 132/84 வரும்போது "என்ன இவ்வளவு ஏறியிருக்கிறது" என்று நர்ஸ் நிமிர்ந்து பார்ப்பார். 30 வாரத்தில்தான் முதன்முதலாகக் கருவியைக் கட்டுகிறார்கள் என்றால் 132/84 சாதாரணமாகத் தோன்றி, அடுத்த மாதம் வரச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். மருத்துவர் தேவை என்று கருதினால் தரும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் தரும். அந்த வாய்ப்பும் தாமதத்தில் போய்விடும்.

தீராத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, காலையில் எழுந்ததும் முகமும் கைவிரலும் வீங்கியிருப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் மறுநாள் வரை வைத்திருக்கக் கூடாது. வலிப்பே வந்துவிட்டால் கையில் சாவிக் கொத்தைத் திணிப்பதும் வாயில் துணி வைப்பதும் வேண்டாம். இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். மக்னீசியம் சல்பேட் ஊசியின் முதல் தவணையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டு அனுப்ப முடியும். பேறுகாலம் முடிந்தபிறகும் வலிப்பு வரலாம். முதல் 48 மணி நேரம் மிக முக்கியம், சில சமயம் அதற்குப் பிறகும் வரும். காத்துக் கருப்பு என்று மந்திரிக்கக் கொண்டுபோன பெண்களில் சிலருக்கு வந்தது இந்த வலிப்புதான்.

பிரசவ அறையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பேறு மருத்துவமனையில்தான். இடுப்பு குறுகி, தலை இறங்காமல் நாள்கணக்கில் முக்கி, சிறுநீர்ப்பையில் ஓட்டை விழும் கொடுமை நம் ஊரில் அரிதாகிவிட்டது. அதற்கு விலை அறுவை சிகிச்சை. 16 வயதில் கருப்பையில் ஒரு தழும்பு விழுந்தால் அடுத்தடுத்த ஒவ்வொரு கர்ப்பமும் அந்தத் தழும்பைச் சுமந்துதான் நடக்க வேண்டும். அதனால்தான் இடைவெளி விஷயம் இந்த வயதில் உயிர் விஷயமாகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பிள்ளை பக்கம் திரும்பினால் இரண்டு எண்கள்: 37 வாரமும் 2.5 கிலோவும். பதின்ம வயதுத் தாய்களின் குழந்தைகள் இந்த இரண்டுக்கும் முன்பே பிறந்துவிடும் வாய்ப்பு அதிகம். 1.8 கிலோக் குழந்தைக்குக் கொழுப்பு கிடையாது, சூடு தங்காது. உடம்பு குளிர்ந்தால் இரத்தச் சர்க்கரை இறங்கும், சர்க்கரை இறங்கினால் சப்பாது, சப்பாவிட்டால் இன்னும் குளிரும். இந்தச் சுழலை உடைக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கங்காரு முறை போதும். டயப்பரும் தொப்பியும் சாக்ஸும் மட்டும் போட்டு, அம்மாவின் மார்பில் தோலோடு தோலாக நிமிர்த்தி ஒட்டவைத்து, மேலே துணி சுற்றிக் கட்டுவது. ஒரு நாளில் குறைந்தது 8 மணி நேரம், முடிந்தால் அதற்கும் மேல். அம்மா அசந்துபோனால் பாட்டி ஏந்தலாம், அப்பாவும் ஏந்தலாம். வழக்கில் அப்பா சிறையில் இருந்தால் அந்த மார்பு இல்லை. இதை எந்த அறிக்கையும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

குறைமாதப் பிள்ளையிடம் இரும்புக் கையிருப்பும் குறைவு, தாயிடமிருந்து அது இறங்குவது கடைசி மூன்று மாதத்தில்தான். பிறந்ததும் தொப்புள்கொடியை ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுத்து வெட்டுவதும், பிறகு மருத்துவர் சொல்லும் வயதிலிருந்து இரும்புச் சொட்டு கொடுப்பதும் இதற்காகத்தான். சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணியும் தேனும் நாக்கில் தடவுவதும், உரை மருந்து புகட்டுவதும் இந்தப் பிள்ளைகளுக்கு நேரடி ஆபத்து. சீம்பாலை ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். சப்பத் தெரியாவிட்டால் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம்.

எல்லோரும் தவறவிடுவது கண் பரிசோதனை. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையை ஒரு கண் மருத்துவர் பார்க்க வேண்டும். விழித்திரையில் இரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கும் நோய் அது. அந்த முதல் சில வாரங்களில் பிடித்தால் லேசர் மூலம் தடுக்கலாம். மூன்று மாதம் கழித்து "பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கலையே" என்று கொண்டுவந்தால் காலம் கடந்திருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் இது எழுதியிருக்கும். ஆனால் தீட்டுக் கழியாமல் வெளியே அனுப்பமாட்டோம் என்பார்கள், பெண்ணுக்கோ தனியாகப் பஸ் ஏறிப் பழக்கமில்லை, ஆஸ்பத்திரியில் மறுபடி வயதைக் கேட்பார்களோ என்ற பயம் வேறு.

பத்தியம் என்ற பேரில் பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரைக் குறைப்பதும், கீரை பழம் கூடாது என்பதும் இரத்தசோகைக்காரிக்குச் செய்யும் கெடுதல். பாலூட்டுகிறவளுக்குத் தாகம் தீரத் தண்ணீர் வேண்டும். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், உதிரப்போக்கில் நாற்றம், மார்பில் கட்டி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது என்று எதுவானாலும் 42 நாளுக்குள் தாமதிக்காமல் காட்ட வேண்டும். மனசு விஷயத்தில் முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுவது பலருக்கும் உண்டு, தானே அடங்கும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லை, பிள்ளையைத் தொடப் பிடிக்கவில்லை, செத்துப்போகலாம் என்ற பேச்சு வருகிறது என்றால் அது சிகிச்சை தேவைப்படும் நோய். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். "பெத்தவளுக்கு என்ன பெரிய மனக்கவலை" என்று வீட்டார் சொல்வார்கள். தூளியை ஆட்டிக்கொண்டிருப்பவளுக்கு வயது 16, அவளோடு படித்தவர்கள் இந்த மார்ச்சில் பதினோராம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறார்கள் என்பதைக் கவலைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.

வழக்கு என்று வந்துவிட்டால் நடப்பவை இவை. தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறை குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வாக்குமூலத்தைச் சிறுமியின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. மருத்துவப் பரிசோதனையைப் பெண் மருத்துவர்தான் செய்ய வேண்டும். வயதைத் தீர்மானிப்பது பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்புச் சோதனை. ஆதாரை ஒளித்துவைத்துப் பயனில்லை என்பது இதிலிருந்து தெரியும், டி.சி. பேசிவிடும். தாலி கட்டியிருக்கிறது என்பதும் காப்பாற்றாது. 18 வயதுக்குட்பட்ட மனைவியோடு உறவு கொள்வதும் வன்புணர்வே என்று 2017 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பையனுக்கும் 18 ஆகவில்லை என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும்.

என் கருத்தை மறைக்கவில்லை. 40 வயது உறவுக்காரன் செய்த கொடுமையும், 17 வயதுப் பெண்ணும் 19 வயதுப் பையனும் ஓடிப்போன கதையும், கர்ப்பம் என்று வந்துவிட்டால் ஒரே பிரிவில், ஒரே குறைந்தபட்ச தண்டனையோடு நிற்பது சரியில்லை. வளரிளம் பருவத்தினரின் காதலைத் தண்டிக்க இயற்றிய சட்டமல்ல இது என்று சென்னை உயர் நீதிமன்றமே 2021 ஜனவரியில் ஒரு வழக்கை ரத்து செய்யும்போது சொன்னது. சட்டத்தின் எழுத்து மாறவில்லை. அதே சமயம் "காதல்தானே" என்ற சமாதானத்துக்குள் மிரட்டலும் வயது வித்தியாசமும் ஒளிந்திருப்பதும் உண்டு. அதனால் பெண்ணைத் தனியாக உட்கார வைத்துக் கேட்காமல் எந்தப் பக்கமும் முடிவுக்கு வரக் கூடாது.

குடும்பங்களுக்குத் தெரியாத சில உரிமைகள் உண்டு. குழந்தைத் திருமணத்தை, பெண் 20 வயது நிறையும் வரை, செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். அவளுக்கு மறுமணம் வரை ஜீவனாம்சம் கேட்க 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் நாலாம் பிரிவு இடம் தருகிறது. திருமணம் செல்லாது என்றானாலும் பிறந்த பிள்ளை சட்டப்படி முறையான பிள்ளைதான். போக்சோ வழக்கில் தீர்ப்புக்குக் காத்திராமல் இடைக்கால இழப்பீடு கேட்கலாம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் இலவசம், எண் 15100. கல்யாணம் நடக்கப்போகிறது என்று தெரிந்தால் 1098. மாவட்ட சமூக நல அலுவலரே தடுப்பு அதிகாரி. நீதிமன்றத் தடை உத்தரவுக்குப் பிறகும் தாலி கட்டினால் அந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது.

பிறப்பைப் பதிவதில் சிக்கல் வரும். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அப்பா பெயர் இல்லாமல் முடியாது என்று திருப்பி அனுப்பினால், திருமணமாகாத தாய் ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தாலே பிறப்புச் சான்று தர வேண்டும் என்று 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை எடுத்துக்காட்டலாம். சான்று இல்லாத பிள்ளை, நாளை பள்ளிச் சேர்க்கையில் தாய் சொன்ன அதே பொய்யைச் சொல்ல வேண்டியிருக்கும்.

வளர்க்க முடியாது என்ற நிலை வந்தால் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். ஒப்படைத்த பிறகும் மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. "பிள்ளையில்லாத நல்ல குடும்பம், செலவைப் பார்த்துக்குவாங்க" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் காதில் ஓதுகிறவரை நம்பினால், அது விற்பனையாகக் கருதப்பட்டு 5 ஆண்டு வரை கடுங்காவல் வரும் குற்றம். அங்கே மனம் மாறுவதற்கு இரண்டு மணி நேரம்கூடக் கிடையாது.

படிப்பைப் பொறுத்தவரை, கர்ப்பமானதற்காகப் பள்ளியிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லும் விதி ஏதுமில்லை. ஆனாலும் டி.சி.யை வீட்டாரே வாங்கிவிடுகிறார்கள். வாங்காமல் விடுவதுதான் முதல் காரியம். திரும்பப் போக முடியாவிட்டால் பத்தும் பன்னிரண்டும் தனித்தேர்வராக எழுதலாம், தேசியத் திறந்தநிலைப் பள்ளியும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் பத்தாம் வகுப்போடு நின்றவளுக்கு எட்டாது.

இனி இடைவெளி. பேறு முடிந்து ஆறாவது வாரத்திலேயே மறுபடி கரு உண்டாகிவிட வாய்ப்புண்டு, மாதவிலக்கு வந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பேற்றுக்கும் அடுத்த கருவுக்கும் இடையில் குறைந்தது 24 மாதம் வேண்டும். பேறு முடிந்த 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி வைத்துவிடலாம், அறுவை சிகிச்சையின்போதே வைக்கலாம், பால் குறையாது. வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். ஆறு வாரத்துக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தரா என்ற கருத்தடை ஊசி போடலாம். இல்லையென்றால் சாயா என்ற கருத்தடை மாத்திரை. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. இதைப் பிரசவ வலியில் இருப்பவளிடம் கேட்டால் என்ன பதில் வரும்? எட்டாம் மாதப் பரிசோதனையில், மாமியாரை வெளியே உட்கார வைத்துவிட்டு, அவளிடம் மட்டும் கேட்க வேண்டும். அவள் சம்மதமில்லாமல் வைத்தால் அடுத்த வாரமே பிடுங்கச் சொல்லி வருவாள், ஊரில் பத்துப் பேரிடம் தப்பாகவும் சொல்வாள்.

கேட்காமல் விட்ட இடத்தில் நடப்பது பதிவேட்டில் தெரியும். இரண்டாவது கர்ப்பத்துக்குப் பதிய வரும்போது பயம் தெளிந்திருக்கும், ஆதாரைக் கையோடு கொண்டுவருவாள். வயது என்ற கட்டத்தில் நர்ஸ் எழுதுவார்: 19. கர்ப்பப் பதிவுக்குத் தரப்படும் பிக்மி எண்ணில் பழையதைப் போட்டால் மூன்று வருடத்துக்கு முந்தைய பதிவு திரையில் வரும். அதிலும் 19.